கண்டதைச் சொல்லக் கற்போம்

(கொட்டகலையில் வாலிபர் சங்க ஆண்டு விழாவின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆங்கிலம் பேசப் பழகுவது பற்றிச் சில வார்த்தைகள் கூறவேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். இது பெரிய விஷயம். முழுவதையும் ஒரு மாலைப் பொழுதிற் பேசிவிட முடியாது. ஆகையால் அதில் ஒரு சிறு துண்டை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். ஒரு படத்தைக் கையில் எடுத்து, அதில் உள்ளதை வாய்விட்டு ஆங்கிலத்திற் சொல்வது: இவ்வளவுதான் இன்றைய பேச்சு. கேட்பதற்கு இது சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும். செய்து பார்த்தால் அப்படி அன்று என்பது விளங்கும்.

முதலில் ஒரு சம்பவம். நம் பகுதியைச் சேர்ந்த ஒரு வாலிபர் சாதாரணதரப் பரீட்சையில் ஆங்கிலத்தில் திறமைச் சித்தி பெற்றவர். கொழும்பில் ஓர் உத்தியோகத்துக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனார். அங்கே அவரிடம் இலக்கணம் கேட்கவில்லை. கட்டுரை எழுதச் சொல்லவுமில்லை. ஜன்னலைக் காட்டி, "வெளியே என்ன தெரிகிறதோ அதைச் சொல்லும்" என்றார்கள். வெளியே ஒரு தெரு, ஒரு பஸ், பலூன் விற்கும் ஒருவர், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு குழந்தை. இவற்றுள் அவருக்குத் தெரியாத ஆங்கிலச் சொல் ஒன்றேனும் இல்லை. இருந்தும் ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. அன்றிரவே பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தார். "கண்ணுக்குத் தெரிந்தது, சொல்லும் தெரிந்தது, ஆனால் இரண்டும் ஒன்று சேரவில்லை" என்று அவர் நம்மிடம் சொன்னார். அந்த ஒரு வாக்கியமே இன்றைய பேச்சுக்கு வித்து.

ஏவலும் விடையும்

குற்றம் அந்த வாலிபருடையதன்று. ஆங்கிலம் இம்மலைகளுக்கு எப்படி வந்தது என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும்.

1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பிச் செடிகளை நோய் அழித்த பின்னர், மலைநாடு முழுவதும் தேயிலை பரவிற்று. தேயிலையோடு தோட்டத்து ஆங்கிலமும் நம் முன்னோர் வாயிற் புகுந்தது. நாம் பெரட்டு என்கிறோம், லயம் என்கிறோம், ஸ்டோர், செக்றோல் என்கிறோம். படியாத கிழவிக்கும் இச்சொற்கள் தெரியும். இவை யாவும் வேலையின் சொற்கள்; எண்ணுவதற்கும் ஏவுவதற்கும் வந்த சொற்கள்.

துரைமாரும் தமிழ் கற்றார்கள். அவர்களுக்கென்றே கைப்புத்தகங்கள் அச்சிடப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த அத்தகைய ஒரு புத்தகத்தின் பெயரே "இங்கே வா" என்பது. சின்னத்துரை சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டிய தமிழ் வழிகாட்டி அது. தலைப்பிலேயே உறவு விளங்கிவிட்டது அன்றோ? அவர்கள் கற்ற தமிழ் ஏவல் தமிழ். நமக்கு வந்த ஆங்கிலமும் ஏவல் ஆங்கிலம். இரு பாஷைகள் ஒரே மலையில் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தும், ஒருவருக்கொருவர் தாம் கண்டதைச் சொல்லிக்கொள்ளும் சம்பாஷணை அங்கே வளரவில்லை.

பின்னர்ப் பள்ளிக்கூடம் வந்தது. நெடுங்காலம் தோட்டப் பாடசாலை என்றால் ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில வகுப்புகள் என்ற நிலைதான். 1970களில் அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. நம் கொட்டகலையின் பத்தனையிலேயே ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரி அமைந்து, ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது. 1987இல் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட 13ஆவது திருத்தம், தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. 2009ஆம் ஆண்டை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் உரிய ஆண்டாக அறிவித்து, வாழ்க்கைத் திறனாக ஆங்கிலம் என்னும் திட்டத்தையும் அரசாங்கம் தொடக்கியது. அஞ்சாமல் பேசுங்கள் என்பதே அதன் உபதேசம்.

இவ்வளவும் நன்மையே. ஆயினும் வகுப்பறையில் நம் பிள்ளை செய்வது என்ன? ஆசிரியர் கேட்ட கேள்விக்கு விடை சொல்கிறது. கோடிட்ட இடத்தை நிரப்புகிறது. துரை காலத்து ஏவலுக்குப் பதிலாகப் பரீட்சைக் காலத்து விடை வந்திருக்கிறது. தானாகத் தொடங்கி, தன் கண் கண்டதைத் தன் வாயாற் சொல்லும் பழக்கத்துக்கு இடம் எங்கே? படத்தைச் சொல்லும் பயிற்சி அந்த இடத்தைத்தான் நிரப்புகிறது.

படத்துக்குப் பாஷை இல்லை

படத்தைக் காட்டிப் பாஷை கற்பிப்பது நேற்று வந்த யுக்தியன்று. கொமேனியஸ் என்ற அறிஞர் 1658இல் நியூரம்பர்க் நகரில், 150 படங்களுடன் குழந்தைகளுக்கான பாடநூல் ஒன்றை வெளியிட்டார். இலத்தீனும் ஜெர்மனும் அதிற் பக்கத்திற் பக்கமாக இருந்தன. 1930இல் ஒக்டன் என்ற ஆங்கில அறிஞர் 850 சொற்களைக்கொண்டு அடிப்படை ஆங்கிலம் என ஒன்றை வகுத்தபோது, அவற்றுள் 200 சொற்களைப் படமாக வரைந்து காட்டக்கூடிய பொருள்கள் என்றே தனியாகப் பிரித்து வைத்தார். அவருடைய நண்பர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், கிறிஸ்டின் கிப்சன் என்னும் அம்மையாருடன் சேர்ந்து, கோட்டுருவங்களாலேயே ஆங்கிலம் கற்பிக்கும் நூல் ஒன்றை 1945இல் வெளியிட்டார்.

இவர்கள் எல்லோரும் படத்தை நாடியதற்குக் காரணம் உண்டு. "பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள்" என்ற தமிழ் வாக்கியத்தைக் கொடுத்து, ஆங்கிலத்திற் சொல் என்றால் நாம் என்ன செய்கிறோம்? தமிழில் வினை கடைசியில் நிற்கிறது. அதைத் தூக்கி நடுவில் வைக்க வேண்டும். "மரத்தின் கீழ்" என்பதிற் கீழ் பின்னால் இருக்கிறது. அதை முன்னால் தள்ள வேண்டும். வீட்டுச் சாமான்களை இடம் மாற்றி அடுக்குவது போல மனத்துள்ளே ஒரு பெரும் வேலை நடக்கிறது. அது முடிவதற்குள் எதிரே இருப்பவர் பேச்சை மாற்றிவிடுகிறார். படத்தைக் கொடுத்தாலோ, அது தமிழும் பேசாது, சிங்களமும் பேசாது, ஆங்கிலமும் பேசாது. அதிலிருந்து நேரே ஆங்கிலத்துக்குப் போகலாம். நடுவில் இறங்கி வேறு வண்டி மாறத் தேவையில்லை.

தமிழர் நாவுக்கு இடறுகின்ற மூன்று கற்களும் படத்தின் முன்னே தாமாக வெளிப்படும். "அவள் ஆசிரியை" என்று தமிழில் வினையின்றியே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அங்கே "இஸ்" வேண்டும். "பறிக்கிறாள்" என்ற ஒரே சொல், அவள் நாள்தோறும் பறிப்பதையும் சொல்லும், இந்நேரம் பறித்துக்கொண்டிருப்பதையும் சொல்லும். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு. படத்தில் உள்ளது இந்நேரம் நடப்பது. ஆகையால் "இஸ் பிளக்கிங்" என்னும் உருவம் பத்துப் படம் சொல்வதற்குள் நாவிற் படிந்துவிடும். மூன்றாவது கல் "எ" என்பதும் "தி" என்பதும். நமக்கு இவை இரண்டும் என்றும் தலைவலி. ஆனால் படத்தில் முதன்முதலாக ஒரு கூடையைக் காட்டும்போது "எ பாஸ்கட்". அதே கூடையைப் பற்றி மறுபடி பேசும்போது "தி பாஸ்கட்". கேட்பவர் முதலில் அறியாதது, பிறகு அறிந்தது: இவ்வளவுதான் சூட்சுமம். இலக்கணப் புத்தகத்திற் பல பக்கம் படித்தும் விளங்காதது, ஒரு கூடையைச் சுட்டிக்காட்டியதும் விளங்குகிறது.

இது நம் முன்னோர் வழக்கமும் ஆகும்

படத்தை வாய்விட்டுச் சொல்வது மேனாட்டார் நமக்குக் கற்பித்த வித்தை என்று எவரும் எண்ணவேண்டாம். சங்க நூல்களுள் ஒன்றாகிய பரிபாடலில், நப்பண்ணனார் பாடிய 19ஆம் பாடல் செவ்வேளாகிய முருகனைப் பற்றியது. அதிலே திருப்பரங்குன்றத்துக்கு வந்த மக்கள் அங்குள்ள சித்திரங்களைச் சுற்றிப் பார்க்கிறார்கள். சிலர், இவர் யார், இவள் யார் என்று கேட்கிறார்கள். அறிந்தவர், இவன் காமன், இவள் இரதி என்று சுட்டிச் சொல்கிறார்கள். அகலிகையின் கதை எழுதிய சித்திரத்தின் முன் நின்று, பூனையாக நிற்பவன் இந்திரன், இவர் கௌதமர், இவள் கல்லான வரலாறு இது என்று விளக்குகிறார்கள்.

சித்திரம், அதன் முன் இருவர், ஒருவர் கேட்க மற்றவர் சொல்வது: நாம் இன்று பேசும் பயிற்சி முழுவதும் அந்தக் குன்றத்திலே நடந்திருக்கிறது. கோயிலுக்குப் போகும்போது பாட்டியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "இது யாரு? அது ஏன் நீலமா இருக்கு?" என்று கேட்டு வளர்ந்தவர்கள்தாமே நாம்! நமக்குத் தமிழ் அப்படித்தான் வந்தது. ஆங்கிலமும் அவ்வழியே வரட்டும் என்பதே எமது வேண்டுகோள்.

செய்முறை

நேர்முகப் பரீட்சையிலிருந்து திரும்பிய அந்த வாலிபரையும் சேர்த்துக்கொண்டு, ஆறு ஏழு பேர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளிற் கூடினோம். நாம் கைக்கொண்ட முறையை அப்படியே சொல்கிறோம்.

முதலாவது, மனிதர் உள்ள படமாக எடுத்துக்கொள்ள வேண்டும். மலையும் மேகமும் மட்டும் உள்ள படத்தில் மூன்று வாக்கியத்துக்கு மேல் வராது. கடைத்தெரு, கோயில் தேர், கல்யாண வீடு, கோச்சி வந்து நிற்கும் ஸ்டேஷன் முதலிய படங்கள் நல்லவை.

இரண்டாவது, அரை நிமிடம் மௌனமாகப் பார்க்க வேண்டும். பின் முழுப் படமும் என்ன என்பதை ஒரே வாக்கியத்திற் சொல்ல வேண்டும்: எங்கே, யார், என்ன செய்கிறார்கள். அதன் பிறகே பகுதிகள். முன்னால் உள்ளது, பின்னால் உள்ளது, இடம், வலம் என்று ஓர் ஒழுங்கு வேண்டும். கண் ஒழுங்காக நடந்தால் நாவும் ஒழுங்காக நடக்கும்.

மூன்றாவது, சொல் தெரியாத இடத்தில் நின்றுவிடக் கூடாது. இதுவே முக்கியமானது. ஒரு படத்திற் கவ்வாத்துக் கத்தி வந்தது. அதற்கு ஆங்கிலம் யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் வாய் மூடிக்கொண்டார். மற்றொருவர், "தேயிலைச் செடியை வெட்டுகிற கத்தி" என்று தமக்குத் தெரிந்த எளிய ஆங்கிலச் சொற்களாற் சொல்லிவிட்டார். அவரே ஆங்கிலம் பேசத் தெரிந்தவர். சுற்றி வளைத்தாவது அக்கரை சேர்பவன்தான் ஓடக்காரன். இடுப்பிற் கட்டும் படங்கு, வாசலிற் போடும் கோலம், தலைக்குச் சும்மாடு இவற்றுக்கு அகராதியில் நேர்ச்சொல் தேடி அலைய வேண்டாம். எதற்குப் பயன்படுகிறது, எப்படி இருக்கிறது என்று சொன்னாற் போதும்.

நான்காவது, ஒரே படத்தை மூன்று பேரிடம் மூன்று தரம் சொல்ல வேண்டும். முதல் தரம் நான்கு நிமிடம், அடுத்த தரம் மூன்று நிமிடம், கடைசியில் இரண்டு நிமிடம். நியூசிலாந்து அறிஞர் போல் நேஷன் 1989இல் இம்முறையை ஆராய்ந்து எழுதினார். விஷயம் ஒன்றேயாதலால் மனம் இனி என்ன சொல்வது என்று தேடுவதில்லை; எப்படிச் சொல்வது என்பதிலேயே நிற்கிறது. மூன்றாம் தரம் பேசும்போது தடுமாற்றம் குறைவதை நாமே எமது காதாற் கேட்டோம். புதிய படம் பத்து எடுப்பதைக் காட்டிலும், ஒரு படத்தை மூன்று தரம் சொல்வதே மேல்.

ஐந்தாவது, கேட்பவருக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். இருவர் முதுகோடு முதுகு சாய்ந்து உட்காருகிறார்கள். ஒருவர் கையிற் படம். மற்றவர் கையில் வெறும் தாளும் பென்சிலும். சொல்லச் சொல்ல அவர் வரைய வேண்டும். நாய் மரத்தின் கீழே என்பதற்குப் பதில் மரத்தின் மேலே என்று சொல்லிவிட்டால், தாளில் நாய் கிளையில் உட்கார்ந்திருக்கும்! சிரிப்பு அடங்கியதும் அந்தத் தவறு மறுபடி வருவதில்லை. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் என். எஸ். பிரபு நடத்திய ஆங்கிலப் போதனை முயற்சி, ஆங்கில ஆசிரியருலகில் இன்றும் பேசப்படுகிறது. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாத தகவல் இடைவெளி, தெரிந்ததைக் கொண்டு தெரியாததை ஊகிக்கும் இடைவெளி, ஆளுக்கு ஆள் வேறுபடும் அபிப்பிராய இடைவெளி என்று அவர் மூன்று பிரித்தார். நம் படத்துக்கும் இவை மூன்று படிகள். என்ன இருக்கிறது? ஏன் அப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீர் என்ன நினைக்கிறீர்?

பரீட்சைக்கும் இது உதவும். வெளிநாடு செல்வோர் எழுதும் பியர்சன் ஆங்கிலப் பரீட்சையில் ஓர் உருவப்படத்தைப் பார்த்து ஆயத்தம் செய்ய 25 விநாடியும், பேச 40 விநாடியும் தருகிறார்கள். கேம்பிரிட்ஜ் நடத்தும் பரீட்சைகள் சிலவற்றிலும் ஒரு புகைப்படத்தைப் பற்றி ஒரு நிமிடமளவில் பேசவேண்டும். ஆனால் அதற்கென ஒரு வாய்பாட்டை மனனம் செய்து, எந்தப் படம் வந்தாலும் அதையே ஒப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அது கிளிப்பிள்ளை வேலை. படத்தைப் பார்க்காமலே படத்தைச் சொல்வதால் யாருக்கு என்ன பயன்?

காலண்டரும் பாட்டியும்

இனி, எமது மனத்தை விட்டு நீங்காத ஒரு மாலைப் பொழுதைச் சொல்கிறோம்.

அன்றைக்கு ஒருவர் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். பச்சை மலை, நீல வானம், நடுவில் சிவப்புச் சேலை உடுத்து, பூ வைத்து, புன்னகையோடு கொழுந்து பறிக்கும் பெண். இந்தப் படத்தை உலகம் நூறாண்டுக்கு மேலாகப் பார்த்துவருகிறது. 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாற்றே கம்பெனி முதலானவர்கள் இலங்கைக் காட்சிகளை அஞ்சலட்டைகளாக அச்சிட்டுக் கடல் கடந்து அனுப்பினார்கள். அன்று தொடங்கித் தேயிலைப் பெட்டியிலும், விமான நிலையச் சுவரிலும் அவள் நிற்கிறாள். படத்தின் கீழே எழுதிய வாசகம் மாத்திரம் எப்போதும் வேறொருவருடையது.

எமது அன்பர்கள் மிக நன்றாகவே சொன்னார்கள். அழகான மலை, அழகான பெண், சந்தோஷமாக வேலை செய்கிறாள் என்று ஆங்கிலத்தில் ஓடிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த வீட்டுப் பாட்டி நாற்பது ஆண்டு மலைக்குப் போனவர். "என்னா தம்பி சொல்றீங்க?" என்று கேட்டார். தமிழில் சொன்னோம். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இவ கொழுந்து எடுக்கிறவ இல்லப்பா. படங்கு எங்க? படங்கு கட்டாம தேயிலைக்குள்ள போனா இடுப்புக்குக் கீழ சேலை மிஞ்சுமா? ஒத்தக் கையால ஒரு கொழுந்தக் கிள்ளிக்கிட்டு ஆரையோ பார்த்துச் சிரிக்கிறா. ரெண்டு கையும் ஓடணும், கண்ணு செடியில இருக்கணும். இல்லாட்டி அந்தி நிறுவைக்கு எத்தனை கிலோ வரும்? கால்ல செருப்பும் இல்ல, அட்டை கடிச்ச அடையாளமும் இல்ல" என்றார்.

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. நாம் படத்தைப் பார்த்தோம். பாட்டி படத்துக்குள் இல்லாததைப் பார்த்தார். பிறகு அந்த வாலிபர், நேர்முகப் பரீட்சையில் வாயடைத்து நின்றாரே, அவரே எழுந்தார். பாட்டி சொன்னதை ஒவ்வொன்றாக ஆங்கிலத்திற் சொல்லத் தொடங்கினார். "அவள் உண்மையிற் பறிக்கவில்லை, அவள் கமெராவைப் பார்க்கிறாள். முரட்டுத் துணி ஒன்று இடுப்பிற் கட்டியிருக்க வேண்டும், அது இல்லை. எங்கள் பாட்டி இரண்டு கைகளாலும் பறிப்பார்." இலக்கணப் பிழை இருந்தது. இருந்தாலும் தடை இருக்கவில்லை. ஏறக்குறைய மூன்று நிமிடம் பேசினார். சொல்வதற்கு விஷயம் கிடைத்ததும் சொல் தானே வந்தது.

அன்றுதான் நமக்கு ஒன்று விளங்கிற்று. ஆங்கிலம் இல்லாத குறை மட்டும் நம் வாயை அடைக்கவில்லை. நாம் கண்டது பேசத்தக்கது, நம் வீட்டார் அறிந்தது அறிவு என்னும் நம்பிக்கை இல்லாததும் சேர்ந்தே அடைத்தது.

இந்த நம்பிக்கையோடு ஆங்கிலத்தைக் கையாண்ட ஒருவர் நம் மண்ணிலே இருந்தார். சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் 1914இல் தோட்டத்திலே பிறந்தவர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். அதே தேர்தலில் நம் கொட்டகலைத் தொகுதியும் கு. குமாரவேலுவைத் தெரிவுசெய்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும், அதைத் தொடர்ந்து வாக்குரிமை போனதும் நாம் அறிந்த வரலாறு. வேலுப்பிள்ளை தோட்ட வாழ்வை ஆங்கிலத்திற் கவிதையாகவும் உரைநடையாகவும் எழுதினார். 1970இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல் தொழிலாளர் வாழ்வின் சித்திரங்களே. அஞ்சலட்டையில் ஊமையாக நின்ற மனிதர் அவர் எழுத்திற் பேசினார்கள். அவர் அளவுக்கு நாம் எழுத முடியாமற் போகலாம். நம் வீட்டுப் படத்தையாவது நாம் சொல்ல முடியாதா?

பெரியோர்க்கும் வாலிபர்க்கும்

பெரியோர்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை ஆங்கிலத்தில் தப்பாக ஒன்று சொன்னாற் சிரிக்காதீர்கள். "பெரிய துரையாயிட்டான்" என்று கேலி பேசாதீர்கள். அந்த ஒரு வார்த்தையாலே வாய் மூடியவர் எத்தனையோ பேர். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் நீங்கள் இந்த வகுப்புக்குத் தேவை. வீட்டு டிரங்குப் பெட்டியில் உள்ள பழைய போட்டோக்களை எடுத்து வாருங்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர், இந்தியாவுக்குப் புறப்பட்ட உறவினர் கோச்சி ஏறுமுன் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம் எத்தனை வீடுகளில் இருக்கிறது! இவர் யார், இவள் யார் என்று பிள்ளைகள் கேட்கட்டும். நீங்கள் தமிழிற் சொல்லுங்கள். பார்க்கும் கண்ணை நீங்கள் கொடுங்கள். ஆங்கில நாவை அவர்கள் தேடிக்கொள்வார்கள். நாளைக்கு வேறு தேசத்திற் பிறந்து தமிழ் அறியாமல் வளரும் பேரப்பிள்ளை ஒன்று, அந்தப் படத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் அதே கேள்வியைக் கேட்கலாம். அப்போது பதில் சொல்ல நம் வீட்டில் ஒருவர் வேண்டும்.

வாலிப அன்பர்களே, ஆங்கிலம் வந்தால் தமிழ் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். பாட்டியின் தமிழைக் கேட்டுத்தான் அந்த வாலிபரின் ஆங்கிலம் பிறந்தது. அயலில் உள்ள சிங்கள நண்பர்களையும் அழையுங்கள். அதே படத்தை அவர்களோடு சிங்களத்திலும் சொல்லிப் பழகுங்கள். பாஷையில்லாத படத்துக்குப் பகையும் இல்லை. துணைக்கு ஆள் இல்லாதவர் கைப்பேசியிற் பேசிப் பதிவுசெய்து தாமே கேட்கலாம். நாளைக்கு ஒரு படம், இரண்டு நிமிடம்; அதற்கு மேல் வேண்டாம். கைக்கு எழுத்துப் போல, நாவுக்குப் பேச்சும் பழக்கத்தால் வருவதே.

ஹட்டனிலிருந்து வரும் கோச்சி சிங்கமலைச் சுரங்கத்துள் நுழைந்து, இருளிற் சிறிது ஓடி, கொட்டகலைப் பக்கம் வெளிச்சத்தில் வருவதை நாம் எல்லோரும் அறிவோம். வெளியே வந்ததும் பிரயாணிகள் ஜன்னலோரம் நின்று நம் மலைகளைப் படம் பிடிப்பதும் பழகிய காட்சி. "இது என்ன? அவர்கள் யார்?" என்று அவர்களுள் ஒருவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். இதுவரை அந்தக் கேள்விக்கு வழிகாட்டிப் புத்தகம் விடை சொன்னது. இனிமேல் பக்கத்தில் இருக்கும் நம் தம்பியோ தங்கையோ சொல்லட்டும். அது லயம், அந்தக் கடைசிக் காம்பராவில் எங்கள் பாட்டி இருக்கிறார், அவர் இரண்டு கையாலும் கொழுந்து எடுத்தவர், நான் அவருடைய பேரன் என்று, தலை நிமிர்ந்து, தெரிந்த ஆங்கிலத்திற் சொல்லட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சங்க மண்டபத்தில் முதல் வகுப்பு. ஆளுக்கொரு படம் கொண்டுவாருங்கள். பாட்டிமாரையும் அழைத்து வாருங்கள்.